தோற்றுக்கொண்டே இருக்கும் பேஸ்பால் அணியைச் சின்னப் பையன்களை வைத்துத் தூக்கி நிறுத்துவது எப்படி: குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு மேட்ச். விடிகாலை நாலரைக்கு மப்ளரும் ஸ்வெட்டருமாக வேனில் ஏறி, பர்லியாறு இறங்குவதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்து, மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மைதானத்தில் இறங்கி, பதினொன்றுக்கெல்லாம் 17-3 என்று தோற்று முடித்துவிட்டோம். ஐந்து இன்னிங்ஸில் பத்து ரன்னுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடும் விதி ஒன்று உண்டு, அது எங்களைக் காப்பாற்றியது. மதியச் சாப்பாடே வரவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் அணியைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தோம். இப்போதும் நாங்கள் கோப்பை வாங்கும் அணி இல்லை, ஆனால் எங்களோடு விளையாடுகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். இந்த மூன்று வருடத்தில் எது வேலை செய்தது, எதில் மூக்குடைந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். பள்ளி அணியோ ஊர் அணியோ, கையில் காசில்லாமல் அணி நடத்துகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஸ்கோர் நோட்டை எடுங்கள்

அந்த 17-3 ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரணி அடித்த ஹிட் மொத்தமே ஆறு. மிச்ச ரன்னெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எண்ணினால், நாங்கள் கொடுத்த வாக் பதிமூன்று. பேஸ்பால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவர், ஒரே பேட்டருக்கு நான்கு பந்தை அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே வீசிவிட்டால் அவர் பேட்டைக் கீழே போட்டுவிட்டு நிம்மதியாக முதல் பேஸுக்கு (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நடந்து போகலாம், அதுதான் வாக். அதோடு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிறவர்) கைக்கு வந்த பந்தை விட்டது, முதல் பேஸுக்கு எறிந்த பந்து தலைக்கு மேலே பறந்தது, பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்ச்சர் காலுக்கிடையில் போன பந்து என்று ஒரு பக்கம் நிறைய.

அதாவது அவர்கள் எங்களை அடித்து ஜெயிக்கவில்லை. நாங்கள் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் கடைசி ஐந்தாறு மேட்ச் நோட்டை எடுத்து, எதிரணியின் ஒவ்வொரு ரன்னுக்கும் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். வாக், தவறு, நிஜமான ஹிட், மூன்றே வகை போதும். தோற்கிற அணிகளில் எல்லோரும் சொல்வது "பேட்டிங் சரியில்ல சார்". நோட்டு வேறு கதை சொல்லும். நோட்டே எழுதுவதில்லை என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிட்டு, நாலு மேட்ச் எழுதிவிட்டு வாருங்கள். எண்ண ஆளில்லை என்று சொல்லாதீர்கள், காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் பையன் ஒருவன் எப்போதும் இருப்பான்.

அமெரிக்க அணிகளிடம் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது

"இளசுகளை வைத்துக் கட்டுவது" என்றதும் எல்லோரும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், சிகாகோ கப்ஸ் கதையை எடுப்பார்கள். ஆஸ்ட்ரோஸ் 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 ஆட்டம் தோற்றது, 2017இல் அங்கத்திய இறுதிக் கோப்பையான உலகத் தொடரை ஜெயித்தது (அந்த வருடம் எதிரணிக் கேட்ச்சர் பிட்ச்சருக்குக் காட்டும் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியது பின்னால் வெளிவந்து நாறியது தனிக் கதை). கப்ஸ் 2012இல் 101 தோல்வி, 2016இல் 108 வருடக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பை. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2018இல் 115 தோல்வி, 2023இல் 101 வெற்றி. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தோற்றால் கூலி உண்டு. கடைசியில் இருக்கும் அணிகளுக்குத்தான் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்வரிசை கிடைக்கும். இப்போது குலுக்கல் வைத்துக் கொஞ்சம் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், ஆனாலும் அடிப்படை அதுதான். நமக்குத் தோற்றால் என்ன கிடைக்கும்? அடுத்த வாரம் நாலு பையன்கள் பிராக்டிஸுக்கு வர மாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் அவர்களுடைய பொறுமையை எடுத்துக்கொள்ளலாம், தோல்வியை எடுத்துக்கொள்ள முடியாது. தோற்கும் காலத்திலும் பையன் மறுநாள் வருவதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை உண்டாக்குவதுதான் நம் பாதி வேலை.

இன்னொன்று, பொறுமையாக இருந்தாலே பலன் வரும் என்பதும் கிடையாது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன் ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்றது. அதுவும் ஒவ்வொரு வருடமும் இளைஞர்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தது.

யாரை வைத்துக்கொள்வது

இருக்கிற அணியை மொத்தமாகக் கலைத்துவிடாதீர்கள். நான் முதல் மாதத்தில் அதைத்தான் செய்யப் பார்த்தேன், நல்லவேளை ஒருவர் தடுத்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் எங்கள் அணியில் ஆறு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேரை வைத்துக்கொண்டோம். பார்த்தது ஒரே விஷயம்தான்: சின்னப் பையன் ஒருவன் கைக்கு வந்த பந்தை விட்டுவிட்டால் இவர் முகம் எப்படிப் போகிறது? கையை விரித்து வானத்தைப் பார்க்கிற ஆள் எவ்வளவு பெரிய பேட்டராக இருந்தாலும் வேண்டாம். அந்த ஒரு சைகையில் பையனுக்கு ஒரு மாத உழைப்பு போய்விடும்.

எங்களிடம் தங்கியவர்களில் ஒருவர் ஜீப் ஓட்டுகிற அண்ணன். அடிப்பது சுமார், ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் பையன் மூன்று வாக் கொடுத்துக் கலங்கி நிற்கும்போது கேட்ச்சர் இடத்திலிருந்து எழுந்து மெதுவாக நடந்து போய், பந்தைத் துடைத்துக் கையில் கொடுத்து, "டேய், சாயங்காலம் வர்க்கி வாங்கித் தரேன், இப்ப என் நெஞ்சுக்கு நேரா ஒண்ணு போடு" என்பார். கப்ஸ் அணி 2016இல் டேவிட் ராஸ் என்கிற 39 வயதுக் கேட்ச்சரை வைத்திருந்ததும் இப்படி ஒரு வேலைக்காகத்தான் என்று நினைக்கிறேன். அவர் அந்த வருட உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தது உபரி.

மீதி நாலு பேரிடம் நேரில் போய்ச் சொன்னேன். டீக்கடையில் வைத்து ஒருவரிடம், வீட்டுக்குப் போய் ஒருவரிடம். வாட்ஸ்ஆப்பில் சொல்லக் கூடாத விஷயம் இது. ஒருவர் இன்றுவரை என்னைப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார், என்ன செய்ய.

பையன்களை எங்கே தேடுவது

இங்கே பேஸ்பால் பார்த்து வளர்ந்த பையன் எவனும் கிடையாது. அது பிரச்சினை என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2008இல் இந்தியாவில் பந்து எறியும் போட்டி வைத்து ஆள் தேடியபோது முதல் இரண்டு இடம் பிடித்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிகிறவர்கள், அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. சில மாதப் பயிற்சியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக் வரை அவர்கள் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் எறியத் தெரிந்த கை எந்த விளையாட்டிலிருந்தும் வரலாம் என்பதற்கு அது போதும்.

பள்ளி விளையாட்டு விழாக்களுக்குப் போங்கள். ஈட்டி, குண்டு எறிதல் நடக்கும் மூலையில் நில்லுங்கள், ஜெயிக்கிறவனை மட்டும் பார்க்காதீர்கள், எறிந்து முடித்ததும் உடம்பு தானாகச் சுற்றி நிற்கிறவனைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் பக்கமும் நடக்கும் கிரிக்கெட்டுக்குப் போனால் பவுண்டரியிலிருந்து கீப்பர் கைக்கு நேராக எறிகிறவன் ஒருவன் இருப்பான், அவனிடம் பேட்டிங் கொடுத்திருக்கவே மாட்டார்கள், அவன்தான் உங்களுக்கு வேண்டும். கோ-கோ ஆடுகிறவர்கள் பேஸ் ஓட்டத்தில் அசத்துவார்கள், சட்டென்று நின்று திரும்பும் கால் அது. சிலம்பம் பழகிய பையன் ஒருவன் எங்களிடம் வந்தான், பேட்டைச் சுற்றும்போது இடுப்பு முன்னால் போய்க் கை பின்னால் வரும் வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தான்.

சோதனை எளிமையாக இருக்கட்டும். முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு பழைய சைக்கிள் டயரைத் தொங்கவிட்டு இருபது பந்து எறியச் சொல்லுங்கள். அறுபது கெஜம் ஓடவிட்டு நேரம் குறியுங்கள், அமெரிக்காவில் ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் ஓடவைப்பதும் அந்தத் தூரம்தான். அப்புறம் தரையோடு வரும் பந்து பத்து. இந்தப் பத்தில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே கல்லில் பட்டுத் துள்ளும்படி போடுங்கள். தாடையில் பட்டபின் அடுத்த பந்துக்கு முகத்தைத் திருப்புகிறானா, குனிகிறானா என்பதுதான் உண்மையான பரீட்சை.

உயரத்தை வைத்து யாரையும் கழிக்காதீர்கள். ஹோசே ஆல்ட்டுவேயை வெனிசுலாவில் தேர்வுக்கு வந்தபோது குள்ளம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் திரும்பவும் வந்து நின்றார். ஆஸ்ட்ரோஸ் 2007இல் 15,000 டாலருக்கு எடுத்தது, ஐந்தடி ஆறங்குலம், 2017இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர். அதே ஆஸ்ட்ரோஸ் 2013 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த மார்க் ஆப்பெல், நல்ல உயரமான பிட்ச்சர், அந்த அணிக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. இவ்வளவு கணக்கும் கம்ப்யூட்டரும் வைத்திருந்தவர்களுக்கே இப்படி. அதனால் நாலு பேர் வேண்டுமென்றால் பத்துப் பேரை எடுங்கள்.

வயது? பதின்மூன்று பதினான்கு சரி. பதினேழில் எடுத்தால் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் காலேஜுக்குக் கீழே இறங்கிவிடுவான்.

வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்

இதை எந்தக் கோச்சிங் வீடியோவும் சொல்லித் தராது, ஆனால் மலையில் அணி உடைவது பெரும்பாலும் இங்கேதான். பள்ளி நாலு மணிக்கு மேல்தான் விடுகிறது. ஆறு மணிக்கு இருட்டு, அதற்கு முன்பே பனி இறங்கிவிட்டால் தூரத்தில் நடுவே, செண்டர் ஃபீல்டில் நிற்கிறவனே தெரிய மாட்டான். பஸ்ஸை விட்டால் தேயிலைக்குள் நடந்துதான் போக வேண்டும், அந்த நேரத்துக்குக் காட்டெருமை, கரடி இரண்டும் வெளியே வரும். அம்மா கவலைப்படுவதில் தப்பே இல்லை.

கொழுந்து பறிக்கப் போகிற ஒரு அம்மாவின் வீட்டு வாசலில் நின்று நான் பேசியது இது.

"சார், இது ஆடினா என்ன வேலை கிடைக்கும்?"

"தெரியாதும்மா. அதுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. சாயங்காலம் ஆறரைக்குள்ள பையன் வீட்டுக்கு வந்துருவான், அதுக்கு நான் பொறுப்பு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்ப சரி. பரீட்சை வந்தா அனுப்ப மாட்டேன்."

அவ்வளவுதான் ஒப்பந்தம். ஆறரை என்றால் ஆறரை. ஒருநாள் ஏழாகிவிட்டது, மறுவாரம் மூன்று பேர் வரவில்லை, திரும்ப மூன்று வீட்டுக்கும் ஏறினேன். ஸ்பான்சர் யாராவது காசு கொடுத்தால் முதலில் யூனிஃபார்ம் தைக்காதீர்கள், ஜீப்புக்கு டீசல் போடுங்கள். இன்னொன்று, ஏப்ரல் மே சீசனில் பெரிய பையன்கள் கடைக்கும் லாட்ஜுக்கும் வேலைக்குப் போவார்கள், அந்த மாதங்களில் மேட்ச் ஒத்துக்கொண்டு அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

எந்த இடத்தை முதலில் நிரப்புவது

நோட்டு சொன்னதை நினைவு வையுங்கள். ரன் கசிவது வாக்கிலும் தவறிலும். அதனால் மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து கட்டுங்கள்: கேட்ச்சர், பிட்ச்சர், ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாவது பேஸும், செண்டர் ஃபீல்டு. ஓரத்தில் யார் நின்றாலும் முதல் வருடம் ஓட்டிவிடலாம்.

அதிலும் கேட்ச்சர்தான் முதல். ஓரியோல்ஸ் 2019இல் டிராஃப்டின் முதல் ஆளாக ஒரு கேட்ச்சரைத்தான் எடுத்தது, ஆட்லி ரட்ச்மேன். காரணம் எளிது. பின்னால் இருப்பவன் பந்தைப் பிடித்துவிடுவான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் சின்னப் பிட்ச்சர் பந்தைத் தாழ்வாகப் போடவே பயப்படுவான், நடுவிலேயே போட்டு அடி வாங்குவான், இல்லாவிட்டால் கையைப் பிடித்துப் பிடித்து வீசி வாக் கொடுப்பான். எங்களிடம் கபடி ஆடுகிற கனமான பையன் ஒருவனை உட்கார வைத்தோம். ஆறு வாரம் கிளவுஸே கொடுக்கவில்லை. நெஞ்சுக் கவசமும் ஹெல்மெட்டும் மாட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்னால் குத்தி வரும் டென்னிஸ் பந்தை நெஞ்சாலேயே தடுத்துக் கீழே போட வேண்டும். முதல் வாரம் கண்ணை மூடினான். ஆறாவது வாரம் பந்து வரும்போது தாடையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு தோளை முன்னால் குவிக்க ஆரம்பித்தான், பந்து பட்டு அவன் காலடியிலேயே செத்து விழுந்தது. அன்றைக்குத்தான் கிளவுஸ்.

பிட்ச்சர் என்று ஒருவரை நம்பாதீர்கள், ஐந்து பேரைத் தயார் செய்யுங்கள். வேகம் பார்க்காதீர்கள். முதல் வருடம் முழுக்க ஒரே கேள்வி: பத்துப் பந்தில் எத்தனை ஸ்ட்ரைக், அதாவது எத்தனை எல்லைக்குள் போகிறது? ஆறு வந்தால் மேட்சில் வீசலாம். நேர்பந்து, அப்புறம் அதே கைவீச்சில் மெதுவாக வரும் சேஞ்ச்-அப், இரண்டே போதும். யூடியூப் பார்த்துவிட்டு, வளைந்து விழும் கர்வ் போடுகிறேன் என்று வருவான், போடட்டும் என்று விட்டீர்களானால் முழங்கையைக் கெடுத்த பாவம் உங்களுக்கு.

கை போனால் எல்லாம் போச்சு

இந்தப் பகுதியை மட்டுமாவது அப்படியே பின்பற்றுங்கள். வளரும் வயதில் முழங்கை எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகியிருக்காது, அளவுக்கு மீறி எறிந்தால் அங்கேதான் முதலில் சேதம். அமெரிக்காவில் பிட்ச் ஸ்மார்ட் என்று வயதுவாரியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயதுவரை ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. பதினொன்று பன்னிரண்டுக்கு 85. ஓய்வுதான் இன்னும் முக்கியம்: பதினான்கு வயதுவரை, 20 பந்துக்குள் வீசினால் மறுநாளே வீசலாம், 21 முதல் 35 என்றால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66க்கு மேல் போனால் நான்கு நாள். பதினைந்து பதினாறு வயதில் அந்த வரம்புகள் 30, 45, 60, 75 என்று கொஞ்சம் தளரும். பிட்ச்சராக வீசியவனை அதே ஆட்டத்தில் கேட்ச்சராக உட்கார வைக்கக் கூடாது, அவனும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் அல்லவா.

நான் 95 பக்கமே போவதில்லை. புதுப் பையனுக்கு 50, அத்தோடு இறக்கிவிடுவேன். எண்ணுவதற்குப் பெஞ்சில் ஒருவன் கிளிக்கரோடு உட்காருவான், கிளிக்கர் இல்லாத நாளில் ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றும் பட்டாணி. ஒருமுறை 2-1 என்று நாங்கள் முன்னால் இருந்த ஆட்டத்தில் 50 ஆகிவிட்டது. இறக்கினேன். அடுத்து வந்தவன் நாலு ரன் கொடுத்தான், தோற்றோம். வேனில் ஏறும்வரை யாரும் என்னோடு பேசவில்லை.

நம் ஊரில் இயற்கையே ஓய்வு கொடுக்கிறது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்கு, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்கு. எந்தப் பக்கமோ அந்த மழை மாதங்களில் பிட்ச்சிங்கைச் சுத்தமாக நிறுத்துங்கள், ஹால் கிடைத்ததே என்று உள்ளே வீச வைக்காதீர்கள். டிசம்பர் ஜனவரி காலை, புல்லில் உறைபனி இருக்கும்போது கை சூடேறாமல் ஒரு பந்துகூட வேண்டாம். நெற்றியில் வியர்வை தெரியும்வரை ஓட்டம், அப்புறம் பழைய சைக்கிள் டியூபைக் கம்பத்தில் கட்டித் தோளுக்கு இழுப்பு, அதன் பிறகுதான் பந்து. கை வலிக்குது என்று பையன் சொன்னால் அன்றைக்குப் பாராட்டுங்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

மேடு, பள்ளம், மெல்லிய காற்று

நம்மிடம் சமதளம் கிடையாது. எங்கள் மைதானத்தில் மூன்றாவது பேஸிலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு இறக்கம், வலது ஃபீல்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. பந்து அதற்குள் போனால் இரண்டு பேஸ் என்று நாங்களே விதி போட்டுக்கொண்டோம், தேடப் போனவன் காலில் அட்டைப்பூச்சியோடு திரும்பி வருவான். சில சாயங்காலம் காட்டெருமை செண்டர் ஃபீல்டில் நின்று மேயும், அது போகும்வரை பிராக்டிஸ் இல்லை, விரட்டுகிற வீரமெல்லாம் வேண்டாம்.

தூரத்தை வயதுக்குத் தக்கபடி குறையுங்கள். பெரியவர்களுக்குப் பிட்ச்சிங் தூரம் 18.44 மீட்டர், பேஸ்களுக்கு இடையே 27.43 மீட்டர். பன்னிரண்டு வயதுக்காரனுக்கு 14 மீட்டரும் 18 மீட்டரும் போதும். நடுவில் 15.24க்கும் 21.34க்கும் ஒரு அளவு இருக்கிறது, பதின்மூன்று வயதுப் பையன்களை நாங்கள் ஒரு வருடம் அதில்தான் வைத்திருந்தோம். இடமும் கம்மியாகத் தேவைப்படும், மலையில் அது பெரிய லாபம்.

இப்போது ஒரு சுவாரசியம். அமெரிக்காவில் டென்வர் மைதானத்தைப் பந்து பறக்கும் மைதானம் என்பார்கள், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம், காற்று மெல்லிசு. 2002இலிருந்து அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்துத்தான் எடுக்கிறார்கள். சரி, குன்னூர் எவ்வளவு? 1,850. ஊட்டி 2,240. நாம் டென்வருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறோம். குன்னூரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், வளைய வேண்டிய பந்து அவ்வளவாக வளையாது.

இது தெரியாமல்தான் நாங்கள் கோயம்புத்தூரில் திணறினோம். அங்கே உயரம் சுமார் 410 மீட்டர். எங்கள் பையன்கள் மலைப் பழக்கத்தில் உயரப் பந்துக்குப் பின்னால் பின்னால் போவார்கள், பந்து அவர்களுக்கு முன்னால் தொப்பென்று விழும். பேட் செய்யும்போது இங்கே வளையாத பந்து அங்கே வளையும். அதனால் கீழே மேட்ச் என்றால் முடிந்தால் முந்தின நாளே இறங்கி, அவுட்ஃபீல்டர்களுக்கு ஐம்பது உயரப் பந்தாவது அடித்துக் கொடுங்கள். வழக்கமாக நிற்கும் இடத்தைவிட நாலைந்து அடி முன்னால் நிறுத்துங்கள். வீட்டு மைதானத்தில் ஒருவன் எவ்வளவு தூரம் அடிக்கிறான் என்பதை வைத்து அணியில் எடுக்காதீர்கள், அதில் கொஞ்சம் தூரம் காற்று கொடுத்த கடன்.

கிரிக்கெட்டைக் கழற்றுவது

பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்து 156க்கு மேல். அதனால் எடுத்ததும் "லேசா இருக்கு சார்" என்று வெறித்தனமாக எறிவார்கள், முதல் வாரத்தில் அடக்குங்கள்.

பவுலிங் போடுகிறவன் முழங்கையை விறைப்பாக வைத்தே எறிவான், அவனுக்கு மடக்குவது குற்றம் என்று ஏறியிருக்கிறது. மடக்கச் சொல்லிக் கத்தினால் வராது. உட்கார வைத்துச் சுவரில் எறியச் சொல்லுங்கள், தானாக மடங்கும். ஃபீல்டர் ஸ்டம்பைப் பார்த்து எறிந்தே பழகியவன், இங்கே பேஸில் நிற்பவனின் கிளவுஸைப் பார்த்து எறிய வேண்டும். கிளவுஸ் இடது கையில் இருக்கும், இவன் வலது கையை வெறுமனே நீட்டிப் பிடித்து விரலை உடைத்துக்கொள்வான். இதற்கு ஒரு வைத்தியம்: இடது கையில் பழைய ரப்பர்ச் செருப்பை மாட்டிவிட்டு டென்னிஸ் பந்தைத் தரையோடு உருட்டுங்கள். தட்டையான செருப்பால் பிடிக்க முடியாது, பந்தை அணைத்து வலது கையால் மூடித்தான் ஆக வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிக்கும். கிளவுஸ் வாங்கக் காசில்லாத முதல் நாலு மாதம் எங்கள் இன்ஃபீல்டு முழுக்கச் செருப்பில்தான் ஓடியது.

பேட்டிங்கில் அவர்களுடைய பெரிய சொத்து, பந்தை விடத் தெரியும். அதைக் கெடுக்காதீர்கள். பெரிய தொல்லை, அடித்துவிட்டு நின்று பார்ப்பார்கள், ஓடலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். இங்கே உள்ளே விழுந்தால் ஓடியே தீர வேண்டும். பேட்டையும் தூக்கிக்கொண்டே ஓடுவார்கள். மற்றபடி பேட்டிங்குக்கு முதல் வருடம் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். பிவிசி குழாயின் மேல் ரப்பர் ஹோஸ் செருகி, பந்தை மேலே வைத்து அடிக்கும் தாங்கி (டீ என்பார்கள்) ஒன்று செய்து, சாக்கைத் தொங்கவிட்டு அடிக்கச் சொன்னால் போதும்.

வாரத்தில் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். அதில் முக்கால் மணி பிடிப்பதும் எறிவதும். மழைக்காலத்தில் கிளவுஸ் எல்லாம் பூஞ்சை பிடிக்கும், துடைத்துச் செய்தித்தாளைத் திணித்துக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தால் தோல் விறைத்து வெடித்துவிடும், எங்களிடம் இரண்டு கிளவுஸ் அப்படித்தான் போனது.

தோற்கும் வருடத்தில் எதை எண்ணுவது

முதல் வருடம் பெரிய அணிகளோடு மோதாதீர்கள். வருடத்துக்கு எட்டுப் பத்து மேட்ச், அதில் பாதி உங்களுக்குச் சமமான பள்ளி அணிகள். ஸ்கோர் போர்டை நான் ஒளித்துவைக்கவில்லை, பையன்கள் முட்டாள் இல்லை. ஆனால் வேனில் திரும்பும்போது மூன்று எண்ணை மட்டும் சத்தமாகப் படிப்போம்: எத்தனை வாக் கொடுத்தோம், எத்தனை தவறு, முதல் பந்தே ஸ்ட்ரைக்காக எத்தனை பேட்டருக்குப் போட்டோம். பதிமூன்று வாக் ஒன்பதானபோது 9-4 என்று தோற்றிருந்தோம், வேனில் ஒரே கூத்து, ஜெயித்த அணி ஒன்றும் புரியாமல் பார்த்தது. வாக் ஐந்துக்குக் கீழே வந்த பிறகுதான் முதல் வெற்றி வந்தது. அது இரண்டாவது வருடம் பிப்ரவரியில்.

அதற்கப்புறம்தான் பேட்டிங், பேஸ் திருடுவது (பிட்ச்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது), சைகைகள் எல்லாம்.

போகிறவர்களும் வருகிறவர்களும்

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிவிடுவார்கள். கோபப்படாதீர்கள், அவர்கள் வாழ்க்கை அது. 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் பிராஞ்ச் ரிக்கி செய்தது இதற்கான பதில்தான்: நட்சத்திரங்களை வாங்கக் காசில்லை, அதனால் கீழ்நிலை அணிகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு நாற்றங்கால் மாதிரி வரிசையாக வளர்த்தார். நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம், ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஆறு பேர், அவ்வளவுதான். அந்த ஆறு பேருக்கு முதல் மூன்று மாதம் கற்றுக்கொடுப்பது நான் இல்லை, போன வருடத்து ஆறு பேர். சொல்லிக்கொடுக்கும்போதுதான் அவர்களுக்கே புரிகிறது.

இந்த ஜூனில் வந்த ஆறில் ஒருவன் ஏழாம் வகுப்பு, என் இடுப்பு உயரம். தேர்வில் டயருக்குள் இருபதில் மூன்றுதான் போனது. ஆனால் தாடையில் ஒரு பந்து வாங்கிய பிறகு இன்னும் ஒரு அடி முன்னால் வந்து குனிந்தான். இப்போது மழை, மைதானம் சேறு, பள்ளி வராந்தாவில் இடது கையில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான், எதிரே எங்கள் கேட்ச்சர் டென்னிஸ் பந்தை உருட்டிக்கொண்டே சொல்கிறான்: "கண்ண மூடாதடா. நானும் மூடிட்டுத்தான் இருந்தேன்."